முட்டை வழங்கப்பட்டது

1

நான் இங்கிலாந்துக்கு வந்து போன வாரத்தோடு ஏழு வருடம் முடிந்தது. வார்டில் கேக் வெட்டினார்கள். அதே நாளில் என் மேலாளர் ஆண்டு மதிப்பீட்டுத் தாளையும் கையில் கொடுத்தார். ‘மிக நல்ல செவிலியர். நோயாளிகள் விரும்புகிறார்கள். குழுக் கூட்டங்களில் இன்னும் கொஞ்சம் பேசலாம்.’ ஏழு வருடமாக இதே கதைதான். முதல் இரண்டு வரிகள் கொஞ்சம் ஏறி இறங்கும். மூன்றாவது மட்டும் அசையாது.

ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டை போட்டு, அடுத்த நிறுத்தம் வரைக்கும் ஓயாதவள் நான். பேசத் தெரியாதவள் இல்லை. எங்கே பேசக்கூடாது என்று நன்றாகப் பழக்கப்படுத்தப்பட்டவள், அவ்வளவுதான்.

அந்தக் கூட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தினமும் காலை எட்டரைக்கு ஒரு வெள்ளைப் பலகை முன்னால் எல்லாரும் நிற்போம். டாக்டர், நர்ஸ், மருந்தாளுநர், பிசியோதெரபிஸ்ட், டயட்டீஷியன், வீட்டு நிலவரம் விசாரிக்கும் சமூகப் பணியாளர், நோயாளியைக் குளிப்பாட்டித் துடைக்கும் உதவியாளப் பெண் வரை. நாற்காலி கிடையாது. உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்று பயம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு நிமிடம். ‘ஆறாம் படுக்கைக்காரர் நேற்று தட்டைத் தொடவே இல்லை’ என்று உதவியாளப் பெண் சொன்னால், பெரிய டாக்டர் அதைப் பலகையில் எழுதுகிறார். முதல் நாள் அதைப் பார்த்தபோது அவருக்குத்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன்.

2

ஊரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஐந்து வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தேன். ரவுண்ட்ஸ் என்றால் டாக்டர் முன்னால், ஃபைலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நான் பின்னால். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டும். கேட்காததைச் சொன்னால், ‘அப்ப நீயே பாத்துக்கோயேன்’ என்று ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி நீட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். ஒரு தடவை அப்படிச் சிரிக்கப்பட்டால் போதும்.

இங்கே வந்த முதல் மாதம், கூட்டத்தில் துணிச்சலாக ஒரு வாக்கியம் சொன்னேன். விடியற்காலையில் இறந்துபோன ஒரு பெரியவரைப் பற்றி, நம்மூர் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில், ‘எக்ஸ்பயர்ட்’ என்றேன். எல்லாரும் ஒரு நொடி தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு நர்ஸ் என்னைத் தனியே அழைத்து, அந்தச் சொல்லை இங்கே பால் பாக்கெட்டுக்குத்தான் சொல்வோம், மனிதர்களுக்குச் சொல்வதில்லை என்று தன்மையாகச் சொன்னாள். அவள் தன்மையாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் வலித்தது. நாலு மாதம் வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகு திறக்காமலிருப்பது பழகிவிட்டது. ‘ஏதாவது கவலை உண்டா?’ என்று தினமும் கேட்பார்கள். இல்லை என்று தலையசைப்பேன்.

மகள் யாழினிக்குப் பன்னிரண்டு வயது. என் ஆங்கிலத்தை வீட்டில் அவள்தான் திருத்துகிறாள். தமிழ் புரியும், பேச மாட்டாள். ஊரிலிருந்து வீடியோவில் என் தங்கை மாரீஸ்வரி கூப்பிட்டால், சித்திக்கென்று அவள் சொல்வது ஒரே சொல், ‘ஹாய்’. சொல்லிவிட்டு அறைக்குள் போய்விடுவாள். மாரி கோபித்துக்கொள்ள மாட்டாள். “அம்புட்டாவது சொல்லுதே” என்பாள்.

3

சில மாதங்களுக்கு முன்னால் மாரி வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் அடுத்த அறையில் தீப்பிடித்தது. வெடிமருந்து உராய்ந்ததாம். இவள் வெளியே ஓடிவந்துவிட்டாள். கழுத்திலும் வலது கையிலும்தான் பட்டது. உயிருக்குப் பயமில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அன்றைக்கு நான் ஷிஃப்ட் முழுவதும் வேலை பார்த்தேன்.

பயமெல்லாம் கையைப் பற்றித்தான். தீக்காயம் ஆறும்போது தோல் சுருங்கும். சுருங்கும் தோல் விரல்களை உள்ளே இழுக்கும். அதற்குள் புண்ணை ஆற்றி, வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டி, விரல்களை நீட்டிப் பழக்கிவிட வேண்டும். தாமதமானால் கை மூடியபடியே நின்றுவிடும். மாரிக்கு முப்பத்திரண்டு வயது. புருஷன் விட்டுவிட்டுப் போய் நாளாயிற்று. அந்தக் கையை நம்பித்தான் அவளும் அம்மாவும்.

உடனே கிளம்பியிருக்க வேண்டும். முடியவில்லை. விபத்துக்கு இரண்டு வாரம் முன்னால்தான் என் பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருந்தேன். ஊர் முகவரிக்குப் போலீஸ் விசாரணைக்கு வருவார்கள். வந்தார்கள். வீடு பூட்டிக் கிடந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் மாரியின் கட்டிலுக்குக் கீழே படுத்திருந்தாள். ‘முகவரியில் ஆள் இல்லை’ என்று எழுதிப் போய்விட்டார்கள். அவர்கள் எழுதியதில் பொய் இல்லை. விளக்கக் கடிதம் அனுப்பினேன். விளக்கத்துக்குச் சான்று கேட்டார்கள். சான்றுக்கு அம்மாவின் கையெழுத்து வேண்டும். அம்மா மாரியை விட்டு நகர மாட்டாள். நான் அங்கே போவதற்கு அம்மாவும் மாரியும் வீட்டில் இருக்க வேண்டும். அவர்கள் வீட்டில் இருந்தால் நான் ஏன் போகப்போகிறேன். கூண்டுக்குள் அடைத்தவன் யார் என்று தேடினேன். ஒருவரையும் குறை சொல்ல வழியில்லாமல்தான் இருந்தது.

4

அது எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே கெட்டவர்கள் யாரும் இல்லை.

தொடையிலிருந்து தோல் எடுத்துக் கையில் ஒட்டினார்கள். ஒட்டவில்லை. ஒரு வாரத்தில் ஓரம் ஓரமாக நழுவிவிட்டது. டாக்டரிடம் ஃபோனில் பேசினேன். “ஏன் பிடிக்கலைன்னு எனக்கே புரியலம்மா. ரத்தத்துல புரோட்டீன் ஏறவே மாட்டேங்குது. டயட்டீஷியன்கிட்ட சொல்லிருக்கேன்” என்றார்.

மறுநாள் என் வார்டில் சாப்பாட்டுத் தாளை நிரப்பிக்கொண்டிருந்தேன். அதில் ஒரு தட்டின் படம் போட்டிருக்கும். நோயாளி எவ்வளவு சாப்பிட்டாரோ அவ்வளவுக்குக் கோடு போட வேண்டும்: கால், அரை, முழுத் தட்டு. ஆயிரம் தடவை போட்ட கோடுதான். அன்றைக்குப் பேனா நின்றுவிட்டது. மாரியின் தட்டை யார் பார்க்கிறார்கள்?

மாலையில் கூப்பிட்டபோது அம்மா வெந்நீர் வாங்கப் போயிருந்தாள். ஃபோனைப் பிடித்திருந்தது பாக்கியக்கா. வார்டைக் கூட்டித் துடைப்பவர். மாரியால் ஃபோனைப் பிடிக்க முடியாதபோதெல்லாம் அவர்தான் பிடிப்பார்.

“பாக்கியக்கா, மாரி என்ன சாப்பிடுறா?”

“கஞ்சி, ரசஞ்சோறு. வேற என்னத்த.”

“முட்டை குடுப்பாகளே?”

அவர் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். “அதக் கேக்காத தாயி. குடுக்காக. பக்கத்துக் கட்டிலுக்குப் போகும். வாங்க ஆளில்லேன்னா என் குப்பைத் தொட்டிக்கு வரும். கூட்டுறவ நாந்தான, எனக்குத் தெரியாதா. புண்ணுல சீக் கோத்துரும்னு ஒங்கம்மாவுக்குப் பயம். என் பேரச் சொல்லிறாத, காண்ட்ராக்ட்டு வேலை.”

எங்கள் பக்கத்தில் புண் என்றால் பத்தியம். முட்டை, மீன், பருப்பு, கடலை, கத்திரிக்காய் எதுவும் ஆகாது, சீழ் பிடிக்கும் என்பார்கள். உடம்பு புதுத் தோல் கட்டுவதற்கு எதெல்லாம் வேண்டுமோ, அதையெல்லாம் ஒன்றுவிடாமல் தேடிப்பிடித்து விலக்கி வைத்திருக்கிறோம். வெளியூர்க்காரர்களுக்கு இது தெரியாது. எனக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை.

அம்மா வந்ததும் கேட்டேன். “எல்லாந்தான் குடுக்கேன்த்தா. எம்புள்ளைக்குக் குடுக்காம யாருக்குக் குடுக்கப்போறேன்” என்றாள். மாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

5

அடுத்த சில நாட்கள் ஓய்வு நேரத்திலெல்லாம் ஃபோன்தான். வார்டு இன்சார்ஜ் சிஸ்டர் பதிவேட்டைப் பார்த்துச் சொன்னார்: “காலைல ரெண்டு, மத்தியானம் ரெண்டு, வழங்கப்பட்டதுன்னு கையெழுத்து இருக்கும்மா.” உண்மை. டயட்டீஷியன் சொன்னார்: “நான் அவங்களுக்கு ஸ்பெஷலா எழுதிருக்கேங்க.” உண்மை. பிசியோ தம்பி, இருபத்தைந்து வயது இருக்கும், கொஞ்சம் கூடுதலாகவே சொன்னது: “விரலுக்கு அட்டை வச்சு நீட்டிக் கட்டிட்டு வாரேன்க்கா. மறுநாள் போனா கட்டு தளந்து, விரலு மடங்கிக் கெடக்கு. வலியில அழுகுதுன்னு ஒங்கம்மா அவுத்து விட்டுருதாக. புண்ணு ஆறாம என்னால அழுத்தி நீட்டவும் முடியல. டாக்டரு ஆறலங்காக. நான் என்னத்தப் பண்ண?”

டாக்டர் காலையில் வருவார். பிசியோ மதியம். டயட்டீஷியன் வாரத்தில் ஒரு நாள். மூன்று பேருக்கும் மூன்று நோட்டு. ஒவ்வொரு நோட்டும் சரியாக இருந்தது. அத்தனை சரியான நோட்டுகளுக்கு நடுவில் என் தங்கையின் கை மூடிக்கொண்டிருந்தது.

இந்த இடத்தில் நான் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. பாக்கியக்கா சொன்ன இரண்டாம் நாளே டாக்டர் மறுபடி ஃபோனில் கிடைத்தார். “வேற ஏதாச்சும் சொல்லணுமா?” என்று அவராகவே கேட்டார். சொல்லியிருக்கலாம். சொன்னால் வார்டே பார்க்க அம்மாவைத் திட்டுவார்கள், பாக்கியக்காவுக்கு வேலை போகும், வெளிநாட்டில் இருந்துகொண்டு நாட்டாமை செய்கிறாள் என்பார்கள், இப்படி நாலைந்து காரணம் ஒரே நேரத்தில் வரிசையாக வந்து நின்றன. “இல்லைங்க டாக்டர், தேங்க்ஸ்” என்றேன். அதற்குப் பிறகு பதினோரு நாள் போனது. அந்தப் பதினோரு நாளையும் நான் தினமும் எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எண்ணத் தெரிந்தது, சொல்லத் தெரியவில்லை.

கடைசியில் பிசியோ தம்பியிடம் சொன்னேன். “இத டாக்டர்கிட்ட சொல்லலையாக்கா நீங்க?” என்றது. பிறகு அதுவே, “நாங்க எல்லாரும் சேந்து அந்தக் கட்டில்கிட்ட நின்னதே இல்லக்கா. ஒரு நா நிப்பாட்டிப் பாக்கேன்” என்றது.

6

அங்கே நண்பகல். இங்கே காலை ஏழரை. யாழினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நான் லீவு போட்டிருந்தேன். மாரியின் கட்டிலுக்குப் பக்கத்து அலமாரியில் ஃபோனைச் சாய்த்து வைத்திருந்தார்கள். டாக்டர், இன்சார்ஜ் சிஸ்டர், டயட்டீஷியன், பிசியோ தம்பி எல்லாரும் நின்றார்கள். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாசலில் துடைப்பக் கட்டையோடு பாக்கியக்கா.

“புரோட்டீன் ஏறலையே, டயட் போகுதா?” என்றார் டாக்டர்.

“எழுதிருக்கேன் சார்.”

“குடுக்கிறோம் சார், கையெழுத்து இருக்கு.”

எல்லாரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். நான் பாக்கியக்காவின் பேரை எடுக்கவில்லை. “டாக்டர், எங்கம்மா அவளுக்கு முட்டை குடுக்கிறதில்ல. பத்தியம் வைக்கிறாங்க. கையில கட்டுறதையும் அவுத்து விடுறாங்க” என்றேன். பெற்ற தாயை நாலு பேர் நடுவில் காட்டிக் கொடுத்தேன்.

இன்சார்ஜ் சிஸ்டர் அம்மா பக்கம் திரும்பினார். டாக்டர் குரலை உயர்த்த வாயெடுத்தார். அதற்குள் வாசலிலிருந்து பாக்கியக்கா, “ஆமா சார். தொட்டிலதான் கெடக்கும். தெனமும் நாந்தான் அள்ளுதேன்” என்றார்.

“இத ஏன்மா முன்னாடியே சொல்லல?”

“எங்கிட்ட யாரு சார் கேட்டீக.”

அம்மா யாரையும் பார்க்கவில்லை. ஃபோனை மட்டும் பார்த்தாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

“ஒங்க அப்பாவுக்குக் காலுல புண்ணு வந்தப்ப இந்தப் பத்தியந்தான வச்சேன். நீ அப்ப நர்ஸு. கூடவே இருந்த. நெதமும் நீதான் கட்டு மாத்துன. நான் ரசஞ்சோறு குடுக்கதைப் பாத்துக்கிட்டே இருந்த. ஒண்ணுஞ் சொல்லலையே. படிச்ச புள்ளை சும்மா இருக்கு, அப்ப சரிதாம்போலன்னு இருந்துட்டேன்.”

அப்பாவுக்குச் சர்க்கரை. அந்தப் புண் ஆறவே இல்லை. முதலில் கால் போனது, அடுத்த வருடம் அவர் போனார். அம்மாவின் பத்தியம் தவறு என்று எனக்கு அப்போதே தெரியும். ஆஸ்பத்திரியில் எட்டு மணி நேரம் வாயை மூடி நின்றுவிட்டு வருபவளுக்கு, வீட்டில் அம்மாவோடு மல்லுக்கட்டத் தெம்பு இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். என் மௌனத்தை அம்மா அனுமதிச் சீட்டு மாதிரி இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறாள்.

அங்கே வார்டில் டாக்டர்தான் மெதுவாக, “சரி விடுங்க. இன்னைலருந்து குடுங்கம்மா. சீ வைக்காது, வச்சா நான் பாத்துக்கிறேன்” என்றார். அம்மா தலையாட்டினாள்.

ஃபோனை வைத்தபோது யாழினி பள்ளிப்பையோடு கதவருகே நின்றிருந்தாள். எல்லாம் புரிந்திருக்கிறது. “தாத்தா அதனாலதான் செத்தாரா?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுடைய ஆங்கிலத்தில் சுற்றி வளைப்பது கிடையாது. சர்க்கரை நோய், ரத்த ஓட்டம் என்று ஏதோ விளக்கினேன். பஸ் வந்துவிட்டது. போய்விட்டாள்.

7

இரண்டாவது தடவை ஒட்டிய தோல் பிடித்துக்கொண்டது. அம்மா ஒவ்வொரு முட்டையாக உரித்து, தானே ஊட்டி, வாய்க்குள் போனதா என்று பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாளாம். பதிவேட்டில் ‘வழங்கப்பட்டது’ பக்கத்தில் இன்சார்ஜ் சிஸ்டர் பேனாவால் இன்னொரு கட்டம் போட்டு ‘சாப்பிட்டார்’ என்று எழுதியிருக்கிறார். மூன்று நோட்டும் இப்போது ஒரே நோட்டு. பாக்கியக்காவின் வேலைக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதையெல்லாம் பிசியோ தம்பி எனக்குப் படம் எடுத்து அனுப்பியது. நான் சந்தோஷப்பட்டேன். சந்தோஷம் ஒரு மத்தியானம் இருந்தது.

மாரி வீடு வந்து சேர்ந்துவிட்டாள். முந்தாநாள் வீடியோவில் கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் நீண்டன. மோதிர விரலும் சுண்டு விரலும் உள்ளங்கைக்குள்ளேயே இருந்தன. இன்னும் பத்துப் பதினைந்து நாள் முந்தியிருந்தால் அதுகளும் வந்திருக்கும் என்று பிசியோ தம்பி சொன்னதாம். மாரி அதை யார்மேலும் வருத்தமில்லாமல் சொன்னாள். அவளுக்கு அந்தப் பதினோரு நாள் கணக்கு தெரியாது. நான் இன்னும் சொல்லவில்லை.

“மூணு போதும்க்கா. கம்பெனி சூப்பர்வைசர் வந்து பாத்துட்டுப் போனாக. திரி சொருகுறதுக்கு மூணு விரலு இருந்தாப் போதுமாம். சீசன் ஆர்டர் அம்புட்டும் அப்படியே கெடக்காம்.”

“டாக்டர் என்ன சொன்னாரு?”

அவள் ஒரு தாளை எடுத்துக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். மூன்று விரலில் நன்றாகவே பிடித்தாள். புண் முழுவதும் ஆறிவிட்டது என்று டாக்டர் எழுதியிருந்தார். அதற்குக் கீழே, கை வேலைக்குப் பழகிவிட்டது என்று பிசியோ. உடம்பு எடை சரியாக இருக்கிறது என்று டயட்டீஷியன். எல்லாரும் ஒரே தாளில், ஒருவருக்குக் கீழ் ஒருவர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். அடியில் கொட்டை எழுத்தில்: வேலைக்குச் செல்லத் தகுதி.

“போகாத மாரி” என்றேன்.

யோசிக்காமல் சொல்லிவிட்டேன். என் ஆயுளில் அவ்வளவு வேகமாக எதையும் சொன்னதில்லை.

“சரிக்கா, போகல” என்றாள் அவள். “அப்ப நான் என்ன செய்யட்டும்? நீ சொல்லு, அதையே செய்யுதேன்.”

சொல்லிவிட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.